பெலிக்கன் ஹவுஸிலிருந்து வந்த ஊசி: அயர்லாந்தின் ஆன்டி-டி மருந்தும் ஹெப்படைட்டிஸ் சி தொற்றும்

அயர்லாந்து நாட்டில் 1970களின் பிற்பகுதியில் குழந்தை பெற்ற பெண்களில் பல நூறு பேருக்கு, அடுத்துப் பிறக்கவிருக்கும் குழந்தையைக் காப்பதற்கென்று அரசு குருதி வங்கி தயாரித்தளித்த ஊசி மருந்தின் வழியாகவே ஹெப்படைட்டிஸ் சி என்னும் கல்லீரல் தொற்று உடலில் புகுந்தது. அது புகுந்தது அவர்களுக்கோ அவர்களுடைய மருத்துவர்களுக்கோ ஏறத்தாழ 17 ஆண்டுகள் தெரியவில்லை. அந்த இடைப்பட்ட காலத்தில் அவர்களுள் பலர் மேலும் பிள்ளைகளைப் பெற்றனர்; சிலர், நன்றிக்கடனாகவோ குடும்ப வழக்கமாகவோ, அதே குருதி வங்கிக்கு ஆண்டுதோறும் இரத்த தானமும் செய்து வந்தனர். இரத்தம் விற்கப்பட்ட நாடுகளில் இந்நோய் பரவிய வரலாறு பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அயர்லாந்திலோ இரத்தம் கொடுத்தவர்களுக்குப் பணம் தரப்படவில்லை என்பதால், அந்நாட்டு நிகழ்ச்சி தனியே ஆராயத்தக்கது.

மனிதக் குருதியின் சிவப்பணுக்களில் ஆர்எச் காரணி என்னும் புரதம் உடையோர் நேர்வகையினர் என்றும், இல்லாதோர் எதிர்வகையினர் என்றும் பகுக்கப்படுகின்றனர். இக்காரணியின் முதன்மைக் கூறே டி எனப்படுவது. ஐரோப்பிய மக்களில் நூற்றுக்கு 15 பேரளவில் எதிர்வகையினராக உள்ளனர். எதிர்வகைத் தாயொருத்தி நேர்வகைக் குழந்தையைச் சுமக்கும்போது, பிரசவ நேரத்தில் குழந்தையின் சிவப்பணுக்கள் சிறிதளவு தாயின் இரத்தத்தில் கலக்க, தாயின் உடல் அவற்றை அந்நியப் பொருளாகக் கருதி அவற்றை அழிக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கிக் கொள்கிறது. முதற்குழந்தை தப்பிவிடும். அடுத்துக் கருவுறும் நேர்வகைச் சிசுவின் இரத்தத்தையோ அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைக் கடந்து சென்று தாக்குவதால், குழந்தை கடும் சோகையுடனும் காமாலையுடனும் பிறக்கும், அல்லது வயிற்றிலேயே இறந்துபோகும். இதற்கான தடுப்பு வழியை 1960களில் இங்கிலாந்தின் லிவர்பூலில் சிரில் கிளார்க், ரொனால்ட் ஃபின் ஆகியோரும், நியூயார்க்கில் வின்சென்ட் ஃபிரெடா, ஜான் கோர்மன், வில்லியம் போலாக் ஆகியோரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கண்டறிந்தனர். எதிர்ப்பொருளை வெளியிலிருந்தே சிறிதளவு ஊசியாகப் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் தாய்க்குச் செலுத்திவிட்டால், கலந்த சிவப்பணுக்கள் தாயின் உடல் விழித்துக் கொள்ளுமுன்பே அழிக்கப்பட்டுவிடும் என்பதே அவ்வழி. ஆன்டி-டி என்று பெயர் பெற்ற அம்மருந்து 1968 முதல் புழக்கத்துக்கு வந்தது. மகப்பேற்று மருத்துவத்தின் பெரு வெற்றிகளுள் ஒன்றாக இன்றும் அது மதிக்கப்படுவது நியாயமே.

அயர்லாந்துக்கு இம்மருந்தின் தேவை மற்ற நாடுகளைவிடக் கூடுதலாக இருந்தது. கருத்தடைச் சாதனங்களின் விற்பனையை 1935ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது. 1979ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே அத்தடை, அதுவும் அரைகுறையாக, தளர்ந்தது. எட்டு, பத்து பிள்ளைகள் உள்ள குடும்பம் அக்காலத்தில் அங்கு வியப்புக்குரியதாக இருக்கவில்லை. ஆர்எச் நோயின் ஆபத்து ஒவ்வொரு பேற்றிலும் ஏறிக்கொண்டே போவதால், பிள்ளைகள் மிகுந்த நாட்டில் ஆன்டி-டி ஊசி வெறும் முன்னெச்சரிக்கையாக இராமல் உயிர்காப்பாகவே அமைந்தது. அரசு குருதி வங்கியாக 1965இல் அமைக்கப்பட்ட இரத்தமேற்றுச் சேவை வாரியம் 1970 முதல் இம்மருந்தை டப்ளினில் தானே தயாரித்து மகப்பேறு மருத்துவமனைகளுக்கு வழங்கியது. அவ்வாரியத்தின் தலைமையகத்துக்கு அப்போது பெலிக்கன் ஹவுஸ் என்று பெயர். தன் மார்பைத் தானே கொத்திக் குருதியூட்டிக் குஞ்சுகளை வளர்க்கும் கூழைக்கடாப் பறவை, அதாவது பெலிக்கன், இடைக்காலக் கிறித்தவ மரபில் தியாகத்தின் சின்னம். நூறு முறை இரத்தம் கொடுத்தவருக்குப் பீங்கானில் செய்த பெலிக்கன் பொம்மையை விருந்து வைத்து வழங்கும் வழக்கமும் அந்நாட்டில் உண்டு. அயர்லாந்து வீடுகளின் வரவேற்பறைகளில் அந்தப் பொம்மை பெற்றிருந்த மதிப்பை அறிந்தால்தான், பின்னர் நேர்ந்த மனமுறிவின் அளவும் விளங்கும்.

ஆன்டி-டி தயாரிப்பில் ஓர் இயல்பான இடர்ப்பாடு உண்டு. அதற்கு வேண்டிய எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் உண்டாக்க முடியாத காலம் அது. ஏற்கெனவே அந்த எதிர்ப்பொருள் ஊறிய மனிதர்களின் பிளாஸ்மாவே, அதாவது இரத்த அணுக்களை நீக்கியபின் எஞ்சும் மஞ்சள் நிற நீர்மமே, மூலப்பொருள். அத்தகையோர் சிலரே. 1976இல், ஆர்எச் நோயால் முந்தைய கருவுறுதல்களில் இன்னலுற்ற ஒரு கர்ப்பிணிக்கு, வயிற்றிலிருந்த குழந்தையைக் காக்கும் பொருட்டு, எதிர்ப்பொருள் நிறைந்த அவருடைய பிளாஸ்மாவைச் சிறிது சிறிதாக வெளியேற்றி அதற்கீடாகக் கொடையாளர்களின் பிளாஸ்மாவை ஏற்றும் மாற்றுச் சிகிச்சை வாரக்கணக்கில் அளிக்கப்பட்டது. விசாரணை அறிக்கைகள் அவரை நோயாளி எக்ஸ் என்றே குறிக்கின்றன. அவருக்குத் தீமையாயிருந்த எதிர்ப்பொருள் வாரியத்துக்கு அரிய சரக்காகத் தோன்றியது. அவரிடமிருந்து எடுத்த பிளாஸ்மா, அவருக்குத் தெரியாமலும் அவருடைய ஒப்புதல் இல்லாமலும், ஆன்டி-டி மருந்து தயாரிப்புக்கெனச் சேர்த்து வைக்கப்பட்டது.

அந்த ஆண்டு நவம்பரில் அவருக்குக் காமாலை கண்டது. மருத்துவமனை அதைத் தொற்றுக் கல்லீரல் அழற்சி என்று குறித்தது. செய்தி வாரியத்துக்கும் எட்டியது. காமாலை வந்தவரின் இரத்தத்தைப் பிறருக்குப் பயன்படுத்தலாகாது என்னும் விதி உலகெங்கும் அன்றைக்கே பழைய விதி. வாரியத்தின் சொந்த விதிமுறைகளிலும் அது இருந்தது. 1943இலேயே அமெரிக்க மருத்துவர் பால் பீசன் இரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றப்பட்டோர் சில மாதங்கள் கழித்துக் காமாலைக்கு ஆளானதை எழுதி வைத்திருந்தார். இருந்தும், நோயாளி எக்ஸின் மாதிரிகளில் ஹெப்படைட்டிஸ் பி இல்லை என்று சோதனை காட்டியதையே போதிய சான்றாகக் கொண்டு, அவருடைய பிளாஸ்மா 1977இல் மருந்தாக்கப்பட்டது. ஒரு சோதனை காட்டாத நோய் இல்லாத நோய் என்று கொள்ளும் இந்தத் தவறு, அறிவியல் வளராததால் நேர்ந்ததன்று என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஏ வகையும் பி வகையும் அல்லாத மூன்றாவதொரு கல்லீரல் தொற்று இரத்தத்தின் வழியே பரவுகிறது என்பதை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஃபைன்ஸ்டோன், ஹார்வி ஆல்ட்டர் முதலானோர் 1975இலேயே வெளியிட்டிருந்தனர். அதற்குச் சோதனை இல்லை என்றபோது, காமாலை வந்தவரை விலக்கும் பழைய விதி ஒன்றே காவலாக நின்றது.

தயாரிப்பு முறையும் துணை செய்யவில்லை. பல நாடுகள் குளிர்ந்த ஆல்கஹாலால் புரதங்களைப் பிரித்தெடுத்துத் தசையில் போடும் ஆன்டி-டியைத் தயாரித்தன. அம்முறை வைரஸையும் பெரும்பாலும் ஒழித்துவிடுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. டப்ளினில் கையாண்டதோ அயனிப் பரிமாற்றம் என்னும் வேறொரு பிரிப்பு முறை. சிரையில் செலுத்தத்தக்க தூய மருந்து அதில் கிடைத்தது, ஆனால் வைரஸ் அதில் தப்பிவந்தது. இதே போன்ற தொற்றைக் கிழக்கு ஜெர்மனியும் கண்டது. அங்கு ஹாலே நகரில் தயாரான ஆன்டி-டி 1978ஆம் ஆண்டுக்கும் 1979ஆம் ஆண்டுக்கும் இடையே 2,867 பெண்களுக்குச் செலுத்தப்பட்டு, அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தொற்று உண்டானது.

1977ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே, ஆன்டி-டி ஊசி போட்டுக்கொண்ட தாய்மார் சிலருக்குக் காமாலை வந்திருப்பதாக மகப்பேறு மருத்துவமனையிலிருந்து வாரியத்துக்குத் தகவல் வந்தது. மாதிரிகள் லண்டனின் மிடில்செக்ஸ் மருத்துவமனை ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. அன்றிருந்த சோதனைகள் எதையும் காட்டவில்லை. நோயாளி எக்ஸின் பிளாஸ்மா கலந்த தொகுதிகள் அதன் பின்னரும் மருத்துவமனைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவ்வாறு அந்த ஆண்டு நவம்பரில் ஊசி பெற்றவர்களுள் ஒருவர், டோனிகோல் மாவட்டத்தில் தம் பன்னிரண்டாவது பிள்ளையைப் பெற்ற பிரிஜிட் மக்கோல்.

பிறகு ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் எதுவும் நிகழவில்லை என்றே சொல்லலாம். ஹெப்படைட்டிஸ் சி மெதுவாக வேலை செய்யும் நோய். தொற்றியவர்களில் பலருக்கு முதலில் காய்ச்சலோ காமாலையோ தோன்றுவதே இல்லை. நான்கில் ஒரு பங்கினர் முதல் ஏறக்குறைய பாதிப்பேர் வரை தாமாகவே வைரஸை வெளியேற்றிவிட, மற்றவர்களின் கல்லீரலில் அது பல ஆண்டுகள் தங்கி, சிலருக்கு நார்த்திசுக்களைப் பெருக்கி, இறுதியில் சிர்ரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்கத்தையோ புற்றுநோயையோ உண்டாக்குகிறது. காரணம் தெரியாத களைப்பு, மூட்டுவலி, மனச்சோர்வு ஆகியவற்றுடன் மருத்துவரை அணுகிய அயர்லாந்துப் பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றின் அலுப்பு என்றும் மாதவிடாய் நிற்கும் பருவம் என்றும் விளக்கம் கிடைத்தது. பிள்ளைகள் பலரை வளர்க்கும் பெண் களைத்திருப்பதில் எவரும் ஐயம் கொள்ளவில்லை.

வைரஸைக் கண்டறிந்த வரலாறு அமெரிக்காவுக்குரியது. கலிபோர்னியாவின் கைரான் நிறுவனத்தில் மைக்கேல் ஹாட்டன், குய்-லிம் சூ, ஜார்ஜ் குவோ ஆகியோர், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் டேனியல் பிராட்லியுடன் இணைந்து, தொற்றுக்குள்ளான சிம்பன்சியின் இரத்தத்திலிருந்து அவ்வைரஸின் மரபுத் துணுக்கைப் பிரித்தெடுத்து 1989இல் வெளியிட்டனர். ஹாட்டனும் ஆல்ட்டரும் சார்ல்ஸ் ரைசும் 2020இல் நோபல் பரிசு பெற்றது இப்பணிகளுக்காகவே. கண்டுபிடிப்பை ஒட்டி எதிர்ப்பொருள் சோதனையும் உருவாகி, அயர்லாந்தில் 1991 அக்டோபர் முதல் கொடையாளர்கள் அனைவரின் இரத்தமும் சோதிக்கப்பட்டது.

அயர்லாந்து வரலாற்றின் உயிர்நாடியான பகுதி இங்கேதான் தொடங்குகிறது. மன்ஸ்டர் மாகாணத்தில் வாரியத்தின் கோர்க் நிலையத்துக்குப் பொறுப்பாயிருந்த மருத்துவர் ஜோன் பவர், சோதனையில் தொற்று உறுதியான கொடையாளர்களைப் பற்றி ஆராய்ந்தபோது, அவர்களில் பெண்கள் மிகுந்திருப்பதையும், அப்பெண்களில் மிகப் பலர் ஆர்எச் எதிர்வகையினராக இருப்பதையும் கவனித்தார். போதை ஊசியோ, பச்சை குத்திக்கொண்டதோ, இரத்தம் ஏற்றிக்கொண்டதோ தொற்றுக்குக் காரணமாயின் ஆறிலோ ஏழிலோ ஒருவரே எதிர்வகையினராக இருக்க வேண்டும்; வைரஸுக்கு இரத்த வகையில் வேற்றுமை கிடையாது. எதிர்வகைப் பெண்களை மட்டும் தேடிச் சென்றடைந்த பொருள் ஒன்றே ஒன்று, பிரசவத்துக்குப் பின் போடப்பட்ட அந்த ஊசி. சிக்கலான கருவி எதுவும் இந்த அறிவுக்குத் தேவைப்படவில்லை. கொடையாளர் பதிவேட்டில் இரத்த வகை எழுதப்பட்டிருந்த கட்டத்தை, நோய் முடிவு எழுதப்பட்டிருந்த கட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதுமாயிருந்தது. 1994 ஜனவரியில் இக்கண்டுபிடிப்பு டப்ளினுக்குத் தெரிவிக்கப்பட்டது; பிப்ரவரி 21 அன்று வாரியம் பகிரங்க அறிவிப்புச் செய்து, பழைய மருந்தை விலக்கிக் கனடா நாட்டிலிருந்து வைரஸ் நீக்கப்பட்ட ஆன்டி-டியை வரவழைத்தது. 1970 முதல் ஊசி பெற்ற பெண்கள் அனைவரும் சோதனைக்கு அழைக்கப்பட்டனர்.

ஆனால் இந்த அறிவு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே கைக்கு வந்திருந்தது என்பதுதான் பின்னர் வெளிப்பட்டது. 1977இல் அனுப்பிய மாதிரிகளைப் பாதுகாத்து வைத்திருந்த லண்டன் ஆய்வகம், புதிய சோதனை கிடைத்தவுடன் அவற்றை மறுபடி ஆராய்ந்து, அவற்றில் ஹெப்படைட்டிஸ் சி இருந்ததை 1991 டிசம்பரிலேயே டப்ளினுக்கு எழுத்தில் தெரிவித்திருந்தது. அக்கடிதத்தின் மீது நடவடிக்கை எடுக்கப்படவில்லை. மேலும், விசாரணை அறிக்கைகளில் கொடையாளர் ஒய் எனக் குறிக்கப்படும் இன்னொருவரின் பிளாஸ்மா கலந்ததால், 1990களின் தொடக்கத்தில் வழங்கிய சில தொகுதிகளிலும் வைரஸ் இருந்தது. 1977இல் நேர்ந்த முதற்குற்றத்துக்குச் சோதனை இல்லை என்று சாக்காவது சொல்லலாம். கடிதத்தைப் புறக்கணித்ததற்கு அந்தச் சாக்கும் கிடையாது.

சோதனைக்கு வந்த பெண்களைப் பற்றி எலிசபெத் கென்னி-வால்ஷ் தலைமையில் நடந்து 1999இல் வெளியான ஆய்வு, ஹெப்படைட்டிஸ் சியின் இயற்கைப் போக்கைப் பற்றிய உலகின் மிக நம்பத்தக்க சான்றுகளுள் ஒன்று. ஒரே மூலத்திலிருந்து, ஏறக்குறைய ஒரே காலத்தில், நலமுடனிருந்த இளம்பெண்களுக்குத் தொற்றிய நோய் என்பதால் அத்தகைய தெளிவு வேறெங்கும் எளிதில் கிட்டாது. ஆய்வு தொடங்கியபோது சோதிக்கப்பட்டிருந்த 62,667 பெண்களில் 704 பேருக்குத் தொற்றின் தடயம் இருந்தது. அவர்களில் 390 பேரின் இரத்தத்தில் வைரஸ் இன்னும் இருந்தது. விரிவாக ஆராயப்பட்ட 376 பேர் தொற்றுடன் சராசரி 17 ஆண்டுகள் வாழ்ந்திருந்தனர். மூன்றில் இரு பங்கினர் களைப்பால் அவதியுற்றனர். கல்லீரல் திசுச்சோதனை செய்த 363 பேரில் 98 விழுக்காட்டினருக்கு அழற்சி காணப்பட்டது, பாதிப்பேருக்கு நார்த்திசு காணப்பட்டது. சிர்ரோசிஸ் கண்டவரோ எழுவர் மட்டுமே. இந்தக் கடைசி எண்ணைச் சுட்டி, நோய் அஞ்சப்பட்ட அளவுக்குக் கொடியதன்று என்று வாதிட்டோர் உண்டு. பதினேழு ஆண்டுக் கணக்கு நாற்பது ஆண்டுக்குப் பிணையாகாது என்பதை அவ்வாதம் கண்டுகொள்ளவில்லை.

குடும்பங்களைப் பொறுத்தவரை, வீட்டுக்குள் இந்நோய் பரவும் வழிகள் எத்துணைக் குறுகியவை என்பது அப்பெண்களுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டிய செய்தி. ஹெப்படைட்டிஸ் சி இரத்தத்தோடு இரத்தம் கலந்தாலன்றிப் பரவாது. ஒரே தட்டில் உண்பது, கட்டியணைப்பது, இருமல், தாய்ப்பால் ஆகியவற்றால் அது பரவுவதில்லை. நீண்டகாலத் தம்பதியரிடையே பாலுறவு வழியாகப் பரவுவது மிக அரிது. இரத்தம் படியக்கூடிய சவரக் கத்தியையும் பல்துலக்கியையும் பகிர்ந்துகொள்ளக் கூடாது. பேற்றின்போது தாயிடமிருந்து சேய்க்கு நூற்றுக்கு ஐந்து அளவிலேயே தொற்றுகிறது. இருந்தும் 1994இல் அயர்லாந்து வீடுகளில் நிலவிய அச்சம் இந்த எண்களுக்குக் கட்டுப்படவில்லை. 1977க்குப் பின் பெற்ற பிள்ளைகள் ஒவ்வொருவரையும் சோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. அவர்களுள் பலர் அப்போது பள்ளி முடிக்கும் வயதினர். டப்ளின் நகரில் ஹெப்படைட்டிஸ் சி என்றாலே ஹெராயின் ஊசி என்று பொருள்கொண்ட காலம் அது. ஆகவே சொல்லாமல் மறைத்தவர்களும் பலர்.

இரத்தம் கொடுத்தவர்களின் நிலை இன்னும் சங்கடமானது. 1991 அக்டோபருக்கு முன் அவர்கள் கொடுத்த ஒவ்வொரு பையும் யாருக்கு ஏற்றப்பட்டது என்பதைப் பதிவேடுகளில் பின்னோக்கித் தேடிச் செல்லும் வேலையை வாரியம் மேற்கொண்டது. இரத்தம் ஏற்றிக்கொண்ட எவரும் விரும்பினால் சோதித்துக்கொள்ளலாம் என்னும் திட்டமும் 1995இல் வந்தது. பெயர் தெரியாத கொடையாளர் ஒருவரின் பிளாஸ்மாவிலிருந்து நோயாளி எக்ஸுக்கும், அவரிடமிருந்து மருந்துக்கும், மருந்திலிருந்து தாய்மார்க்கும், தாய்மாருள் சிலரிடமிருந்து கொடையாகப் பிற நோயாளிகளுக்கும் வைரஸ் சென்ற பாதை இவ்வாறு வெளிச்சத்துக்கு வந்தது. மரபணு ஆய்வும் இதை உறுதிப்படுத்தியது: இத்தாய்மாரிடம் இருந்தது நோயாளி எக்ஸிடம் இருந்த 1பி வகை வைரஸே. இந்தச் சங்கிலியில் இரத்தம் கொடுத்த எவரும் பணம் பெறவில்லை. விலைக்கு வாங்கும் இரத்தத்தைவிடக் கொடையாக வரும் இரத்தமே பாதுகாப்பானது என்று பிரித்தானியச் சமூகவியலாளர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் நிறுவியது பொதுவில் உண்மையே. பணம் தராவிடில் நோயை மறைக்கும் தூண்டுதலும் இல்லை. ஆயினும் கொடையாளரின் நேர்மை, கொடையைக் கையாளும் நிறுவனத்தின் நேர்மைக்கு ஈடாகாது என்பதை டிட்மஸின் வாதம் கணக்கில் கொள்ளவில்லை.

1994இல் பாதிக்கப்பட்ட பெண்கள் பாசிட்டிவ் ஆக்‌ஷன் என்னும் அமைப்பாகத் திரண்டனர். அரசு அமைத்த வல்லுநர் குழு 1995இல் அறிக்கை தந்தபோது, நோயாளி எக்ஸுக்குத் தொற்றுக் கல்லீரல் அழற்சி என்று நோய் குறிக்கப்பட்டிருந்ததை வாரியம் 1976இலேயே அறிந்திருந்தது என்னும் செய்தி அக்குழுவுக்குக் காட்டப்பட்டிருக்கவில்லை. அதைச் சொல்லும் கோப்பு 1996இல், பிரிஜிட் மக்கோல் தொடுத்த வழக்கின் பொருட்டு ஆவணங்களை ஒப்படைக்க நேர்ந்தபோதுதான் வெளிவந்தது. அவ்வழக்கை மாற்றுப்பெயரில் நடத்த அவர் கேட்ட அனுமதி மறுக்கப்பட்டது. செப்டம்பரில் வாரியம் தன் பொறுப்பை ஒப்புக்கொண்டது. ஆனால் கூடுதல் தண்டனை இழப்பீடு கோரித் தோற்றால் செலவுத் தொகையை அவரிடமிருந்தே கோருவோம் என்று அதே கடிதத்தில் எச்சரித்தது. மரணப் படுக்கையில் இருந்தவருக்கு எழுதிய கடிதம் அது. அவர் 1,75,000 பவுண்டுக்கு உடன்பட்டு, 1996 அக்டோபர் 2 அன்று இறந்தார். அந்தச் சாவு கிளப்பிய கொந்தளிப்பின் பின்னரே முன்னாள் தலைமை நீதிபதி தாமஸ் ஃபின்லேயின் விசாரணை ஆணையம் அமைந்தது. 1997 மார்ச்சில் வெளியான அதன் அறிக்கை, வாரியம் தன் சொந்த விதிமுறைகளை மீறி நோயாளி எக்ஸின் பிளாஸ்மாவைப் பயன்படுத்தியதே தொற்றுக்கு முதற்காரணம் என்று தீர்ப்பளித்தது.

அதன் பின் வந்தவை பெரும்பாலும் சட்டங்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டம் பாதிக்கப்பட்டோருக்கு வாழ்நாள் மருத்துவ வசதி அட்டையை அளித்தது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் சட்ட வலு தந்தது. 2002ஆம் ஆண்டுத் திருத்தம் வாழ்க்கைத் துணையின் இழப்பையும் இழப்பீட்டுக்குரியதாக்கியது. 2006ஆம் ஆண்டுச் சட்டம், தொற்றைக் காரணம் காட்டி ஆயுள் காப்பீடும் வீட்டுக்கடன் காப்பீடும் மறுக்கப்பட்டவர்களுக்கு அரசே ஈடுகட்டும் திட்டத்தை உண்டாக்கியது. வாரியம் 2000இல் அயர்லாந்து இரத்தமேற்றுச் சேவை என்று பெயர் மாற்றிக் கொண்டது. குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டாலும் எவரும் தண்டிக்கப்படவில்லை. 2013க்குப் பின் வந்த, வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகளால் எஞ்சியிருந்த பெண்களுள் பெரும்பாலோர் மூன்று மாதச் சிகிச்சையில் குணமடைந்தனர். வைரஸ் நீங்கினாலும் அதற்கெதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் நெடுங்காலம் தங்கிவிடுவதால், குணமடைந்தவர்களிடமிருந்தும் அயர்லாந்தில் இரத்த தானம் பெறப்படுவதில்லை.